வயித்துல ரத்தக்கசிவு, ஆனா கோளாறு ஒரு என்சைம்ல: பரம்பரை மெட்டபாலிக் நோய்ல இது ஏன் வருது

மலம் தார் மாதிரி கறுப்பா, பிசுபிசுன்னு, எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் ஒட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி போச்சுன்னா, கூடவே ஒரு மாதிரி குமட்டுற நாத்தமும் இருந்துச்சுன்னா அது பெரும்பாலும் ரத்தம்தான். இரைப்பைலயோ சிறுகுடலோட ஆரம்பத்துலயோ கசிஞ்ச ரத்தம் கீழ வந்து சேர்றதுக்குள்ள செரிச்சு கறுத்துப்போயிடுது. இரும்புச்சத்து மாத்திரை போடுறவங்களுக்கும் கறுப்பா போகும்தான், ஆனா அது இப்படி பசை மாதிரி ஒட்டாது. இதைக் கேட்டதும் டாக்டருக்கு முதல்ல ஞாபகம் வர்றது அல்சர், அளவு மீறி போட்ட வலி மாத்திரை, கெட்டுப்போன லிவர், வயசானவங்கன்னா கேன்சர். அது சரியான யோசனைதான், முக்கால்வாசி நேரம் காரணம் அங்கேயே கிடைச்சிடும். இந்தக் கட்டுரை அங்க கிடைக்காம போற ரொம்பக் கொஞ்ச பேரைப் பத்தி, அதாவது எண்டோஸ்கோபி பண்ணி ரத்தம் வர்ற இடத்தையே பாத்துட்டாங்க, ஆனா அந்த இடம் ஏன் கசியுதுங்கிறதுக்கு பதில் வயித்துல இல்லாம ஒரு ஜீன்ல இருக்கு.

நம்ம உடம்புல சாப்பாட்டை உடைக்கிறது, வேண்டியதை செஞ்சுக்கிறது, வேண்டாததை வெளிய தள்றது எல்லாத்துக்கும் ஆளுக்கொரு வேலைன்னு என்சைம்கள் இருக்கு. ஒரு ஜீன்ல பிழை இருந்தா ஒரு என்சைம் படுத்துக்கும். அதுக்கு முன்னாடி உள்ள பொருள் தேங்கி நிக்கும், பின்னாடி வரவேண்டிய பொருள் வராது. பெரும்பாலான நோய்கள்ல அப்பா அம்மா ரெண்டு பேருமே எந்தத் தொந்தரவும் இல்லாம அந்தப் பிழையை சுமந்துக்கிட்டு இருப்பாங்க, குழந்தைக்கு ரெண்டு பக்கமும் வந்து சேர்றதுக்கு ஒவ்வொரு பிரசவத்துலயும் 4ல 1 வாய்ப்பு. இதுல குடல் ரத்தக்கசிவு எங்க வந்துச்சுன்னு கேட்டா, நான் எப்பவும் சொல்ற உதாரணம் ஒண்ணு இருக்கு, அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

கனடால கியூபெக் பக்கம் சாகனே-லாக்-செயின்ட்-ஜீன்னு ஒரு பகுதி. அங்க சில கைக்குழந்தைங்களுக்கு நிக்காத வயித்துப்போக்கு, குடல் வழியா புரோட்டீன் ஒழுகிப்போறது, லிவர்ல தழும்பு இதெல்லாம் சேந்து வந்ததை 1986ல எழுதி வெச்சாங்க. காரணம் என்னன்னு அப்ப புரியல. 1998ல ஜெர்மனில மூன்ஸ்டர் நகரத்து டாக்டர்கள் இதே மாதிரி குடல் கோளாறு இருந்த ஒரு பையனை ஆராய்ஞ்சு, பாஸ்போமேனோஸ் ஐசோமரேஸ்ங்கிற என்சைம் குறைவுதான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. இப்ப இதுக்கு பேர் எம்பிஐ-சிடிஜி, சிடிஜின்னா புரோட்டீன் மேல சர்க்கரை ஒட்டற வேலை கெட்டுப்போற நோய்க் கூட்டம். கியூபெக் குழந்தைங்களோட நோயும் இதுதான்னு அதுக்கப்புறம் தெரிஞ்சுது.

இந்த என்சைமோட வேலை ஒரு சர்க்கரையை இன்னொரு சர்க்கரையா மாத்துறது, அவ்வளவுதான். ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட்டை மேனோஸ்-6-பாஸ்பேட்டா திருப்பி விடணும். இந்த மேனோஸ் நமக்கு எனர்ஜிக்கு வேண்டாம், வேற ஒரு வேலைக்கு வேணும். லிவர்ல தயாராகி ரத்தத்துக்கு வர்ற புரோட்டீன்கள்ல பெரும்பாலானதுக்கு மேல சின்னச் சின்ன சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும், அது ஒட்டலைன்னா புரோட்டீன் சரியா மடங்காது, சீக்கிரம் அழிஞ்சிடும். ரத்தத்தை உறைய வைக்கிற புரோட்டீன்களும் இதே கதைதான், உறையாம தடுக்கிற ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் இதுங்களும் இதே கதைதான். அதனால இந்தக் குழந்தைங்களுக்கு ஒரு பக்கம் ரத்தம் ஒழுகும், இன்னொரு பக்கம் ரத்தக்குழாய்க்குள்ள கட்டி கட்டியா உறையவும் செய்யும், ரெண்டும் ஒரே ஆளுக்கு. ஒரே குழந்தைக்கு ரத்தக்கசிவும் ரத்த உறைவும் சேந்து வந்தா அங்கேயே ஒரு மணி அடிக்கணும்னு நான் நினைக்கிறேன். குடலோட உட்பூச்சும் இந்த சர்க்கரைச் சங்கிலிகளை நம்பித்தான் நிக்குது, அதனால அங்கயும் ஓட்டை, புரோட்டீன் கசியும், கால் முகம் வீங்கும். சுகர் வேற அடிக்கடி இறங்கிடும், ஃபிட்ஸ் கூட வரலாம்.

இதுக்கு வைத்தியம் என்ன தெரியுமா, அதே மேனோஸ் பொடி. வெள்ளையா இருக்கும், தண்ணில கரைச்சு ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை குடிக்கக் கொடுக்கணும். அந்தப் படுத்த என்சைமை யாரும் சரிபண்ணல, அதை சுத்திப்போற இன்னொரு வழி செல்லுக்குள்ள ஏற்கனவே இருக்கு, மேனோஸ் நேரா உள்ள வந்துச்சுன்னா ஹெக்சோகைனேஸ்ங்கிற வேற என்சைம் அதுக்கு பாஸ்பேட் ஒட்டிக் கொடுத்துடும். வயித்துப்போக்கு, புரோட்டீன் ஒழுகல், ரத்தம் உறையற கோளாறு, சுகர் இறங்கறது எல்லாம் சில வாரம் சில மாசத்துல தேறும். லிவர் தழும்பு மட்டும் சொன்ன பேச்சு கேக்காது, மேனோஸ் குடிச்சுக்கிட்டே இருந்தும் லிவர் மாத்த வேண்டி வந்தவங்க உண்டு. ஆனாலும் யோசிச்சுப் பாருங்க, குடல்ல ரத்தம் கொட்டி ஐசியுல கிடக்கிற குழந்தைக்கு மருந்து ஒரு சர்க்கரை, அதுவும் வாய்வழியா. நோயோட பேர் தெரியாத வரைக்கும் அதே குழந்தைக்கு பிளாஸ்மா ஏத்தி ஏத்தி, ஸ்டீராய்டு கொடுத்துப் பாத்து, குடலை வெட்டி எடுக்கலாமான்னு கூட பேசிக்கிட்டு இருப்பாங்க.

மத்த நோய்கள்ல கதை இவ்வளவு சுத்தமா இருக்காது. எல்லாத்துலயும் சாதாரணமானது லிவர் வழி. லிவர் தழும்பாகி கெட்டியானா குடல்ல இருந்து வர்ற ரத்தம் உள்ள போக முடியாம முட்டி, உணவுக்குழாய் அடியில ரத்தக்குழாய்கள் புழு மாதிரி புடைச்சுக்கும், அது ஒருநாள் வெடிச்சா வாய் நிறைய ரத்தமா வாந்தி. காப்பர் சேர்ற வில்சன் நோய், ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு, கிளைகோஜன் (உடம்பு சேமிச்சு வெக்கிற சர்க்கரை) சேர்ற நோய்ல 4ஆம் டைப், கொழுப்பு சேர்ற லைசோசோமல் ஆசிட் லைபேஸ் குறைபாடு இதெல்லாம் அந்த ரகம். வில்சன் 1912லயே எழுதினது, 1956ல பென்சிலமைன் வந்ததுல இருந்து மருந்து இருக்கு, ஆனா சிலருக்கு முதல் அறிகுறியே ரத்த வாந்தியா வந்துடுது. இளவயசுல காரணம் தெரியாம லிவர் சுருங்கி ரத்தம் எடுத்தா செருலோபிளாஸ்மின் (ரத்தத்துல காப்பரை சுமக்கிற புரோட்டீன்) டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பாக்கறதுல என்ன நஷ்டம்.

அடுத்தது ரத்தம் உறையாம போறது. டைரோசினீமியா 1ஆம் டைப்னு ஒண்ணு இருக்கு, டைரோசின்ங்கிற அமினோ ஆசிட் (புரோட்டீனோட செங்கல்) முழுசா உடையாம வழில விஷப்பொருளா தேங்கற நோய், இதுவும் அந்த கியூபெக் பகுதில அதிகம், அங்க மூதாதைங்க கொஞ்ச பேர்தான்கிறதால இப்படி அபூர்வ நோய்கள் ஒரே இடத்துல தலைகாட்டும். இதுல வேடிக்கை என்னன்னா லிவர் டெஸ்ட்ல எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடி பெருசா ஏறியிருக்காது, ஆனா ரத்தம் உறையற நேரம் கன்னாபின்னான்னு நீண்டிருக்கும், வைட்டமின் கே ஊசி போட்டாலும் அசையாது. குழந்தைக்கு மூக்குல, மலத்துல ரத்தம். இதுக்கு 1992ல வந்த நைட்டிசினோன் ஆரம்பத்துல களைக்கொல்லிக்காக ஆராய்ச்சி பண்ணின பொருள்னா நம்ப மாட்டீங்க. களையில எந்த என்சைமை அடைக்குதோ அதே என்சைம் நம்மகிட்டயும் இருக்கு, அதை அடைச்சா விஷப்பொருள் உண்டாகிற இடம் வரைக்கும் சங்கிலி போகவே போகாது.

வைட்டமின் கே போட்டா உடனே சரியாகிற கேஸும் உண்டு. அபீட்டாலைப்போபுரோட்டீனீமியால கொழுப்பை பொட்டலம் கட்டி ரத்தத்துக்கு அனுப்ப முடியாது, அது குடல் செல்லுக்குள்ளயே தேங்கிடும். எண்டோஸ்கோபில சிறுகுடல் உட்பக்கம் பனி படிஞ்ச மாதிரி வெள்ளையா தெரியும். கொழுப்போட சேந்து வரவேண்டிய ஏ, ஈ, கே வைட்டமின்களும் வராது, கே இல்லைன்னா லிவர் உறைவுப் புரோட்டீன்களை முடிக்க முடியாது, அதனால குடல்ல கசியும். பித்த அமிலம் செய்யிற வழில பிழை இருந்தாலும் இதேதான் நடக்கும்.

பிளேட்லெட், அதாவது ரத்தக்கசிவை அடைக்கிற தட்டணுக்கள், அந்தப் பக்கம் வந்தா காஷே நோய், ஒரு வகைக் கொழுப்பு உடையாம செல்லுக்குள்ள தேங்கற நோய். 1882ல பிலிப் காஷே முதல்ல எழுதினது. மண்ணீரல் ஊதிப் பெருத்து பிளேட்லெட்டை எல்லாம் பிடிச்சு வெச்சுக்கும், எலும்பு மஜ்ஜையும் அடைஞ்சு போகும், எண்ணிக்கை ஓரளவு இருந்தாலும் அந்தப் பிளேட்லெட் ஒழுங்கா வேலை செய்யாது, அதனால கவுன்ட் மட்டும் பாத்து நிம்மதியாகக் கூடாது. 1991ல இருந்து என்சைமையே டிரிப்பா ஏத்துற வைத்தியம் இருக்கிறதால இப்ப நிலைமை எவ்வளவோ பரவாயில்ல. அபூர்வமா அந்தக் கொழுப்பு நிறைஞ்ச செல்கள் குடல் சுவர்லயே போய் உக்காந்து கசிய வைக்கிறதும் உண்டு.

சிட்டோஸ்டெரோலீமியான்னு ஒண்ணு, செடிகள்ல இருக்கிற ஸ்டெரால் (கொலஸ்ட்ரால் மாதிரி ஒரு கொழுப்பு) நம்ம உடம்புல தங்கவே கூடாது, இவங்களுக்கு தங்கிடும். 1974ல ரெண்டு சகோதரிகள்கிட்ட முதல்ல கண்டுபிடிச்சாங்க. பிளேட்லெட் எண்ணிக்கை குறைஞ்சு, ஒவ்வொண்ணும் பெருசா இருக்கும், இதை எதிர்ப்பு சக்தி பிளேட்லெட்டை அழிக்கிற நோய்னு நினைச்சு வருஷக்கணக்கா ஸ்டீராய்டு கொடுத்து, மண்ணீரலையே எடுத்தவங்க உண்டு. உண்மையான மருந்து எசெட்டிமைப், கூட சாப்பாட்டு கட்டுப்பாடு. சாதாரண கொலஸ்ட்ரால் டெஸ்ட்ல இது பிடிபடாது, செடி ஸ்டெரால் எவ்வளவுன்னு தனியா பாக்கணும்.

கிளைகோஜன் நோய் 1ஆம் டைப்ல ரெண்டு கிளை, ரெண்டும் வேற வேற விதமா ரத்தம் விடும். 1ஏல பிளேட்லெட் சோம்பேறியா இருக்கும், மூக்குல அடிக்கடி ரத்தம் வரும், தூக்கத்துல அதை விழுங்கிட்டு காலைல கறுப்பா வாந்தி எடுக்கிற குழந்தையைப் பாத்து வயித்துல புண்ணுன்னு எண்டோஸ்கோபிக்கு ஓடக்கூடாது, முதல்ல மூக்கைப் பாக்கணும். சுகரை ஒழுங்கா பிடிச்சு வெச்சா பிளேட்லெட்டும் தேறுது. 1பில வெள்ளை அணுக்கள், அதுலயும் நியூட்ரோஃபில் குறைஞ்சு, வாய்ப்புண், ஆசனவாய்ப் புண், குரோன்ஸ் நோய் மாதிரியே குடல் புண்ணாகி ரத்தம் போகும். இதுக்கு ஏன் நியூட்ரோஃபில் குறையுதுன்னு ரொம்ப நாள் யாருக்கும் புரியல. 2019லதான் தெரிஞ்சுது, சாப்பாட்டுல வர்ற 1,5-அன்ஹைட்ரோகுளுசிட்டால்னு ஒரு அப்பாவிப் பொருள் இவங்களோட நியூட்ரோஃபிலுக்குள்ள போய் விஷமா மாறித் தேங்குது. அப்ப அதை சிறுநீர்ல வெளியேத்தினா போதுமேன்னு யோசிச்சு, அதை ஏற்கனவே வெளியேத்துற ஒரு சுகர் மாத்திரை, எம்பாகிளிஃப்ளோசின், அதைக் கொடுத்தாங்க, 2020ல முதல் நாலு பேரோட ரிப்போர்ட் வந்துச்சு. புண்கள் ஆறுது. வியாதியை என்சைம் அளவுல புரிஞ்சிக்கிட்டா மருந்து பக்கத்து அலமாரிலயே இருக்கலாம்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

ரத்தக்குழாய் சுவரே கெட்டுப்போற நோய் சூடோசாந்தோமா எலாஸ்டிகம். ரொம்ப காலம் இதை தோல் நோய்னே நினைச்சாங்க, கழுத்து ஓரத்துல மஞ்சளா புள்ளி புள்ளியா, இறகு பிடுங்கின கோழித் தோல் மாதிரி இருக்கும், அதைவிட்டா கண்ணுக்குள்ள விழித்திரைல கோடுகள். 2000ல ஏபிசிசி6 ஜீன் பிடிபட்டப்ப எல்லாருக்கும் ஆச்சரியம், அந்த ஜீன் தோல்ல இல்ல, பெரும்பாலும் லிவர்ல வேலை செய்யுது. 2013ல அதோட வேலை தெளிவாச்சு: லிவர்ல இருந்து ஏடிபி (செல்லோட எனர்ஜிப் பொருள்) வெளிய வர அது வேணும், அந்த ஏடிபி உடைஞ்சு பைரோபாஸ்பேட் ஆகும், பைரோபாஸ்பேட் இருந்தாத்தான் கண்ட இடத்துல சுண்ணாம்பு படியாது. அது குறைஞ்சா எலாஸ்டிக் நார்கள்ல சுண்ணாம்பு ஏறும், தோல்ல, கண்ல, இரைப்பையோட சின்ன ரத்தக்குழாய்கள்ல. சுண்ணாம்பு ஏறின குழாய் கிழிஞ்சா சுருங்கி மூடிக்க முடியாது. சுமார் 10ல ஒருத்தருக்கு குடல் ரத்தக்கசிவு வருதுன்னு சொல்வாங்க, அதுவும் பெரும்பாலும் இரைப்பைலதான், இளவயசுலயே வரலாம். எண்டோஸ்கோபில மஞ்சள் மேடுகள் தெரியலாம், சில நேரம் இதோ இந்த இடம்னு காட்டுற மாதிரி ஒரு புள்ளிகூட இல்லாம சுவர் முழுக்க கசிஞ்சுக்கிட்டு இருக்கும். அதனால இவங்ககிட்ட ஆஸ்பிரின், இப்யூபுரோஃபென் விஷயத்துல கறாரா இருக்கணும். கழுத்துத் தோலை ஒரு நிமிஷம் லைட் அடிச்சுப் பாத்தா தெரிஞ்சிருக்க வேண்டியது.

இன்னும் இருக்கு, காப்பர் உடம்புக்குள்ள சரியா சேராத மெங்கஸ் நோய்ல இரைப்பைல பாலிப் (சதை வளர்ச்சி) வந்து கசியறது, ஹெர்மான்ஸ்கி-பட்லாக்ல பெருங்குடல் புண்ணு, இதெல்லாம் பேர் சொல்லிட்டு நகர்றேன்.

ஏன்னா இதுவரைக்கும் சொன்னது நோய் எப்படி ரத்தம் வரவைக்குதுங்கிறது. ரத்தம் வந்தா நோய் என்ன ஆகும்ங்கிற மறுபக்கத்தை யாரும் அதிகமா பேசறதில்ல, ஆபத்து அதிகம் அங்கதான்.

குடலுக்கு ரத்தம்னா புரோட்டீன் சாப்பாடு, நம்மளோட சொந்த ரத்தம்னு அதுக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்க. 100 மில்லி ரத்தத்துல ஹீமோகுளோபின் மட்டும் 12 கிராம், பிளாஸ்மாவுல உள்ள புரோட்டீன் ஒரு 4 கிராம், மொத்தம் 16 கிராம்கிட்ட வருது. யூரியா சுழற்சில என்சைம் குறைபாடு இருக்கிற 10 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கே 10, 12 கிராம் புரோட்டீன்தான் அளந்து கொடுப்பாங்க. அம்மா கிராம் கணக்குல எடை போட்டு ஊட்டிக்கிட்டு இருக்கிறப்ப, உள்ள சத்தமே இல்லாம ஒன்றரை நாள் சாப்பாடு ஒரே மூச்சுல இறங்கிடுது. அது அமோனியாவா மாறும், அமோனியாவை யூரியாவா மாத்துற வழிதான் இவங்ககிட்ட பழுதாச்சே, அமோனியா ஏறும், குழந்தை மந்தமாகும், உளறும், கோமாவுக்குப் போகும். பாக்கிறவங்க ரத்தம் போனதாலதான் மயக்கம்னு நினைச்சுக்கிட்டு ரத்தம் ஏத்துவாங்க, எச்பி ஏறினாலும் குழந்தை தெளியாது.

இன்னொரு பொறி இருக்கு. சாதாரண ஆளுக்கு மேல்வயித்துல ரத்தம் கசிஞ்சா ரத்தத்துல யூரியா ஏறும், கிரியாட்டினின் ஏறாது, இதை ஒரு துப்பா டாக்டர்கள் பயன்படுத்துவாங்க. யூரியா செய்ய முடியாத ஆளுக்கு இது எப்படி ஏறும்? யூரியா ஏறலைன்னு பாத்துட்டு பெருசா கசியலன்னு முடிவு பண்ணிடக்கூடாது.

அதுக்கு மேல ஹீமோகுளோபின் தரமான புரோட்டீன் கூட இல்ல. பெரியவங்களோட ஹீமோகுளோபின்ல ஐசோலூசின்ங்கிற அமினோ ஆசிட் சுத்தமா கிடையாது, லூசின் நிறைய. ஐசோலூசின் இல்லாம உடம்பு புதுப் புரோட்டீன் கட்ட முடியாது, மிச்ச அமினோ ஆசிட் எல்லாம் எரிஞ்சு அமோனியாவுலதான் போய் முடியும். லூசினே விஷமா இருக்கிற மேப்பிள் சிரப் நோய்க்காரங்களுக்கு இது இரட்டை அடி. இந்த நோயை 1954ல விவரிச்சதும், மேல சொன்ன மெங்கஸ் நோயை 1962ல விவரிச்சதும் ஒரே ஜான் மெங்கஸ்தான், சும்மா ஒரு தகவலுக்கு.

அப்ப ரத்தம் ஏத்தறதும் தப்பான்னு கேப்பீங்க. இல்ல, நரம்பு வழியா போற ரத்தம் செரிக்காது, அது தன் வேலையைப் பாக்கும். குடல்ல கிடக்கிற ரத்தம்தான் பிரச்சனை, அதை சீக்கிரம் வெளியேத்தணும், கசியற இடத்தை அடைக்கணும், அதே நேரத்துல அமோனியா பாத்துக்கிட்டே இருக்கணும்.

எண்டோஸ்கோபிக்கு வெறும் வயித்துல இருக்கச் சொல்றதும் இந்தக் கூட்டத்துக்கு சாதாரண விஷயம் இல்ல. கிளைகோஜன் 1ஆம் டைப் குழந்தைக்கு ரெண்டு மூணு மணி நேரம் சாப்பிடலைன்னாலே சுகர் தரைக்கு இறங்கிடும், கொழுப்பை எரிக்க முடியாத நோய்க்காரங்களுக்கும் பட்டினி ஆபத்துதான், அதனால வாய்ல ஒண்ணும் கொடுக்காதீங்கன்னு எழுதற அதே சீட்டுலயே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் எழுதியாகணும். அந்தக் கிளைகோஜன் குழந்தைக்கு ரத்தத்துல லாக்டேட் (லாக்டிக் ஆசிட்) ஏற்கனவே ஏறித்தான் இருக்கும், அதையே கலந்த ரிங்கர் லாக்டேட் டிரிப் பாட்டிலைத் தூக்கி மாட்டிடக்கூடாது. ஃப்ரக்டோஸ் ஒத்துக்காத பரம்பரை நோய் இருந்தா சர்க்கரை, சார்பிட்டால் கலந்த சிரப் எல்லாமே விஷம், ஃப்ரக்டோஸ் சார்பிட்டால் டிரிப் ஏத்தி உயிர் போன கேஸ்கள் நடந்திருக்கு. இந்த நோய்க்காரங்க சின்ன வயசுல இருந்தே இனிப்பைத் தொட மாட்டாங்க, பல்லு ஒண்ணுகூட சொத்தை இருக்காது, கேட்டுப் பாத்தா அவங்களே சொல்லுவாங்க.

நோய் பேர் இன்னும் தெரியாத குழந்தைன்னா, சுகர் அடிக்கடி இறங்குதா, லிவர் பெருசா இருக்கா, முன்னாடி ஒரு குழந்தை காரணம் தெரியாம போச்சா, அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களா, இந்த நாலு கேள்வி கேட்டுட்டு, ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு டியூப் ரத்தம் எடுத்து வெச்சிடணும். அவசரத்துல எல்லாரும் மறக்கிறது இதைத்தான். கேலக்டோசீமியா (பால் சர்க்கரைல வர்ற கேலக்டோஸை உடைக்க முடியாத நோய்) என்சைமை சிவப்பணுக்குள்ளதான் அளக்கிறாங்க, வேற ஒருத்தரோட சிவப்பணு ஏறிடுச்சுன்னா டெஸ்ட் நார்மல்னு வரும், அந்தச் சிவப்பணுங்க மூணு மாசம் போல உள்ள சுத்திக்கிட்டு இருக்கும். பிளாஸ்மா ஏத்திட்டா சிடிஜிக்கு பாக்கிற டிரான்ஸ்ஃபெரின் (ரத்தத்துல இரும்பை சுமக்கிற புரோட்டீன்) டெஸ்டும் கலங்கிப்போகும், ஏன்னா அதுல பாதி கொடுத்தவரோட டிரான்ஸ்ஃபெரின். பிளட் பேங்க்ல இருந்து பை வந்து சேர்றதுக்கு எப்படியும் கொஞ்ச நேரம் ஆகும், அந்த இடைவெளில ரெண்டு மில்லி எடுத்து ஃபில்டர் பேப்பர்ல நாலு சொட்டு, மிச்சத்தை ஃப்ரீசர்ல.